மானுக்கும் எல்க்குக்கும் ஒரே துப்பாக்கி

துபாய்க்குப் போனால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உயரமான கட்டடம், தங்கக் கடைத்தெரு, பாலைவனத்தில் ஜீப் சவாரி. காலாண்டு விடுமுறையில் எட்டு நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். கட்டடத்தைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் துப்பாக்கிதான்.

நான் தென்காசிப் பக்கம் பெண்கள் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். முட்டைகூடச் சாப்பிடாதவள். தம்பி கோமதிநாயகம் பதினாறு வருஷமாக அங்கே ஒரே முதலாளியிடம் இருக்கிறான். துபாயின் அல் கூஸ் பகுதியில் கட்டுமானச் சாமான் கிடங்கு வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் அவர். விசா, லைசென்ஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று அவருடைய காகித வேலை அத்தனையும் தம்பி பொறுப்பு. முழுப்பெயர் வாயில் நுழையாததால் அவனைக் கோமதி என்றே கூப்பிடுகிறார். ஊரில் அது எங்கள் சித்தியின் பெயர்.

விமான நிலையத்திலிருந்து கார் வெளியே வந்து இரண்டு சிக்னல்கூடத் தாண்டவில்லை. "ஏக்கா, ஒரு தோட்டா எவ்வளவு வேகத்துல போகும்?" என்றான்.

"எதுக்குல கேக்க?"

"அர்பாப் கேக்காரு."

அர்பாப் என்றால் முதலாளி. அவர் இன்னும் ஒரு மாதத்தில் கஜகஸ்தானுக்கு வேட்டைக்குப் போகிறார். அங்கே மானும் சுட வேண்டும், எல்க் என்ற பெரிய மிருகமும் சுட வேண்டும். அவருடைய ஆயுத லைசென்ஸில் இன்னும் ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம் இருக்கிறதாம். ஆகவே சின்னதுக்கும் பெரியதுக்கும் சேர்த்து ஒரே காலிபரில் ஒன்று வாங்க வேண்டும். எந்தக் காலிபர் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். குழம்பிப்போனவர் தம்பியிடம் புலம்பியிருக்கிறார். இவன் சும்மா இருக்காமல், "எங்க அக்கா பிசிக்ஸ் டீச்சர், கணக்குப் போட்டுச் சொல்லிருவா" என்று சொல்லிவிட்டான்.

"உனக்கு என்ன கிறுக்கா? நான் தீபாவளித் துப்பாக்கிகூடத் தொட்டது கெடையாது."

"ஹாஃப் எம்வி ஸ்கொயர்தானக்கா. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த."

வழியில் ஒரு மலையாளிக் கடையில் நிறுத்தினான். ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய கரக் சாயா காருக்கே வந்தது. பரோட்டாவுக்குள் சீஸ் தடவிச் சுருட்டிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பரோட்டாவுக்குச் சால்னா கேட்காத ஊரில் எட்டு நாள் எப்படி இருப்பது என்று யோசித்தேன்.

மறுநாள் அபுதாபியில் ஒரு வேட்டைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனான். நம் ஊர்ப் பொருட்காட்சியைப் போலப் பத்து மடங்கு. ஒரு பக்கம் கண்ணை மூடித் தோல் குல்லாய் மாட்டிய வல்லூறுகள் வரிசையாகக் கம்பில் உட்கார்ந்திருந்தன. இன்னொரு பக்கம் ஒட்டகம். நடுவில் துப்பாக்கிக் கடைகள், அதில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள். குளிர்சாதனத்தில் எனக்குப் பல் தந்தியடித்தது.

முதல் கடையில் சுவீடன்காரர் ஒருவர். எல்க் சுட எது வேண்டும் என்று தம்பி கேட்டதும், ஆறரை மில்லிமீட்டர் போதும் என்றார். "என் தாத்தா அதில்தான் சுட்டார், அப்பா அதில்தான் சுட்டார், நானும் அதில்தான்." அவர் காட்டிய படத்தில் இருந்த மிருகம் லாரி உயரம் இருந்தது. கொம்பு விரித்த முறம் மாதிரி.

நான்கு கடை தள்ளி ஒரு அமெரிக்கர். எல்க்குக்கு முந்நூறு மேக்னத்துக்குக் குறைந்து எதையும் தொடாதே என்றார். ஆறரையைச் சொன்னதும் சிரித்தார். அவர் காட்டிய படத்தில் வேறு மிருகம். கிளை கிளையாகக் கொம்பு. உருவத்தில் சுவீடன்காரருடையதில் பாதிதான் இருக்கும்.

நான் நடுப்பாதையில் நின்றுவிட்டேன். பெரிய மிருகத்தைச் சுடுகிறவர் சின்னது போதும் என்கிறார். சின்ன மிருகத்தைச் சுடுகிறவர் பெரியது வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் பெயர் எல்க்.

"ஒரே பேரா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"ஐரோப்பாக்காரன் ஒண்ணச் சொல்லுதான், அமெரிக்காக்காரன் வேற ஒண்ணச் சொல்லுதான் போலுக்கு."

"உங்க அர்பாப் எதைச் சொல்லுதாரு?"

அது அவனுக்குத் தெரியவில்லை.

சரி, மிருகம் கிடக்கட்டும், தோட்டாவையாவது ஒழுங்காகப் புரிந்துகொள்வோம் என்று அமெரிக்கர் கடையில் இருந்த மருந்தில்லாத மாதிரித் தோட்டாக்களைக் கேட்டேன். வெர்னியர் காலிப்பரும் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டாலும் எடுத்துக் கொடுத்தார். காலிபர் என்பது முனையில் இருக்கும் குண்டின் தடிமன் என்று படித்திருந்தேன். முந்நூற்றெட்டு என்று பெயருள்ளதை அளந்தேன். முப்பது-நாட்-சிக்ஸ் என்பதை அளந்தேன். முந்நூறு மேக்னத்தை அளந்தேன். மூன்றும் ஒரே தடிமன். பின்னால் இருக்கும் பித்தளைக் கூடும் அதில் அடைக்கிற மருந்தும்தான் வேறு, முந்நூற்றெட்டில் குறைவு, மேக்னத்தில் அதிகம். நாட்-சிக்ஸில் உள்ள ஆறு அளவே இல்லையாம், அது வந்த வருஷத்தின் கடைசி எண்ணாம். ஆறரை என்பது ஆறே முக்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஏழு என்பது ஏழேகாலை நெருங்கியது. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் என் வகுப்பில் இருந்திருந்தால் ஆய்வகத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊரான ஷார்ஜாவில் உள்ள தம்பி வீட்டில் அவன் மனைவி ரேவதி எனக்காகப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். "ஊர் சுத்த வந்த மதினிய இப்படித் தோட்டா அளக்க விட்டுட்டாகளே" என்று அவனைத் திட்டினாள். நான் சாப்பிட்டுக்கொண்டே அகராதியைப் பார்த்தேன். எல்க் என்றால் கடமான் என்று இருந்தது. கடமான் என்று தேடினால் மிளா என்று இருந்தது. மிளாவை எனக்குத் தெரியும். பாபநாசத்துக்கு மேலே அணைக்குப் போகிற பாதையில் மாடு மாதிரி குறுக்கே நிற்கும். அதுவும் இதுவும் ஒன்றாக இருக்க முடியாது. இப்போது என்னிடம் ஒரே பெயரில் மூன்று மிருகங்கள் இருந்தன.

மூன்றாம் நாள் அர்பாப் வீட்டுக்கு அழைத்திருந்தார். ஆண்கள் கூடும் மஜ்லிஸ் அறையில்தான் உட்காரவைத்தார்கள், வேலை விஷயமாக வந்தவள் என்பதால். அறுபத்தைந்து எழுபது வயது இருக்கும், நெடிய மனிதர். பெரிய மகன் பெயர் ராஷித் என்பதால் எல்லோரும் அவரை அபு ராஷித் என்கிறார்கள். ராஷித்தும் பக்கத்தில் இருந்தான். முப்பது வயதுக்காரன், போனிலிருந்து கண்ணை எடுக்காதவன்.

வந்தவுடன் ஒரு தட்டில் குழைந்த கோதுமைப் பொங்கல் போல ஒன்றை நீட்டினார்கள். நெய் மிதந்தது. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். "அக்கா, ஹரீஸ்! அதுல கறி இருக்கு!" என்று தம்பி தமிழில் கத்தினான். அர்பாப் பதறிப்போய் என்னவென்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் பேரீச்சம்பழத் தட்டை அவரே நகர்த்தி வைத்தார். "மாமிசம் தொடாதவரிடம் வேட்டைக்கு யோசனை கேட்கிறேன்" என்று அவர் இந்தியில் சொன்னதைத் தம்பி தமிழில் சொன்னான். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் என்னை அப்லா என்று கூப்பிட்டார். டீச்சரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் நோட்டில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். குண்டின் எடை, வேகம், ஆற்றல். எதுவும் ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம், சின்னதாகவும் வேண்டாம், நடுவில் இருக்கும் முப்பது-நாட்-சிக்ஸ் என்று முடித்தேன். நடுவில் இருப்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் என்னிடம் இல்லை. பதில் தெரியாத பிள்ளைகள் பரீட்சையில் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, தன் சிநேகிதர்கள் எல்லோரும் முந்நூறு மேக்னம் வைத்திருக்கிறார்கள் என்றார். ஐந்நூறு மீட்டர் தூரத்திலிருந்து சுடுகிறார்களாம். "நாளைக்குச் சுட்டுப் பார்ப்போம். அப்லாவும் வரட்டும்."

நான்காம் நாள் தம்பி அர்பாபுடன் முன்னாலேயே போய்விட்டான். என்னை டாக்ஸியில் வரச் சொல்லியிருந்தான். டிரைவர் பெஷாவர்க்காரர். ஷூட்டிங் கிளப் என்றேன். "அச்சா, ஷூட்டிங்" என்றவர் சந்தோஷமாக ஓட்டினார், வழியெல்லாம் என்ன படம், யார் ஹீரோ என்று விசாரித்தார். என் அரைகுறை இந்தியில் வேட்டைக்கு என்று சொன்னேன். வேட்டைப் படம் என்று புரிந்துகொண்டார். அல் கூஸில் ஒரு பெரிய கிடங்கு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். உள்ளே ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து, அம்மா வேஷத்துக்கு வந்தவர்தானே, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டாள். இல்லை என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. டிரைவர் போகாமல் வெளியே நின்றிருந்தார். விஷயம் தெரிந்ததும், "துப்பாக்கியா? நீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு வழி முழுவதும் வாயே திறக்கவில்லை.

கிளப் பாலைவனத்து ஓரத்தில் இருந்தது. சூடு முகத்தில் அறைந்தது. நிழல் கூரைக்குக் கீழே மேசைகள், எதிரே நூறு மீட்டரில் காகித இலக்குகள். நாதியா என்ற மொராக்கோக்காரப் பெண்தான் பயிற்சியாளர். கண்காட்சிக்காரர்கள் மூன்று துப்பாக்கிகளை அனுப்பிவைத்திருந்தார்கள். காதுக்கு அடைப்பு மாட்டியும் முதல் வெடியில் நான் எகிறிவிட்டேன்.

அர்பாப் முதலில் முந்நூற்றெட்டை எடுத்தார். ஐந்து தடவை சுட்டார். பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் தெரிந்தன. அடுத்து நாட்-சிக்ஸ். கொஞ்சம் சிதறியது. கடைசியாக முந்நூறு மேக்னம். முதல் குண்டு நடுவில் விழுந்தது. மற்றதெல்லாம் கீழே, இடது பக்கமாக இறங்கிக்கொண்டே போயின.

நான் நோட்டில் பின்னுதைப்பைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் போகிற குண்டுக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும் அல்லவா, அது. ஒரே எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக்கொண்டால், முந்நூற்றெட்டைவிட மேக்னத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஆனால் அது குண்டு கிளம்பும்போதுதானே வருகிறது? முன்கூட்டியே எப்படி இலக்கு தவறும்? கணக்கு புரிந்தது, ஓட்டைகள் புரியவில்லை. நாதியாவிடம் போய் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். ஏன் எல்லாம் ஒரே பக்கமாக இறங்குகிறது?

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போய், அடுத்த தோட்டாவை அவளே போட்டுக் கொடுத்தாள்.

அர்பாப் தோளில் வைத்தார். குறிபார்த்தார். விசையை அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மருந்தில்லாத தோட்டா. ஆனால் வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, யாரோ மேலிருந்து அடித்ததுபோல ஒரு சாண் கீழே இறங்கியது. அவர் கண்கள் இறுக மூடியிருந்தன. வலது தோள் இடிக்குப் பயந்து முன்கூட்டியே சுருங்கிப் பின்வாங்கியிருந்தது.

ராஷித் முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தான். அரபியில் மெதுவாக ஏதோ கேட்டான். அவர் காதடைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ராஷித் என் தம்பி பக்கம் திரும்பி, எல்லோருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்தில் கேட்டான். "பாங்காக்கில் செக்கப்புக்குத்தான் போனார் என்று சொன்னாய். தோளில் ஆபரேஷனா?"

தம்பி தலையைக் குனிந்தான். அந்த ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் அவன்தான் தயார் செய்தவன். அவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

"பதினாறு வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எங்களிடமே மறைத்தாயா?"

"நான்தான் சொல்லாதே என்றேன்" என்றார் அர்பாப். ராஷித் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கஜகஸ்தானும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போனான். அர்பாப் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் வெயிலில் நடந்தார்.

திரும்பும்போது காரில் தம்பி சொன்னான். "என் வேல போச்சுன்னு நெனச்சுக்கக்கா."

"என்கிட்டயாவது முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?"

"அவரு யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. நீ யாருகிட்டயுங்கறதுல வர மாட்டியா?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. நான் சும்மா இருந்திருந்தால் அந்தப் பெண் அந்தத் தோட்டாவைப் போட்டிருக்க மாட்டாள். அப்படிப் போடாமல் விட்டிருந்தால், காயம்பட்ட ஏதோ ஒரு மிருகம் கஜகஸ்தான் மலையில் மூன்று நாள் ஓடிச் செத்திருக்கும். நான் செய்தது சரியா, தப்பா? மாமிசம் தின்னாதவளுக்கு வேட்டையில் என்ன நியாயம்? எங்கே பிடித்து யோசித்தாலும் நூல் சிக்கலாகவே வந்தது.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. போன் வரவில்லை. ரேவதி இட்லி அவித்தாள், யாருக்கும் இறங்கவில்லை. விசா அர்பாப் பெயரில் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு, எல்லாம் ஒரு மாதத்தில் மாறிவிடும். தம்பி டிவியைப் போட்டான், அணைத்தான், போட்டான். பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவன் திரும்பிப் பார்த்தான்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. "கோமதி, அப்லாவைக் கூட்டிக்கொண்டு வா."

அல் கூஸ் கிடங்கு அலுவலகம். இரும்புக் கம்பிக் கட்டுகளுக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை. வெளியே ஆட்கள் "ஜல்தி, ஜல்தி" என்று லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அர்பாப் நாற்காலியில் இருந்தார். ராஷித் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்றான்.

"எது, அப்லா?" என்றார். வேறு முன்னுரை இல்லை.

நான் நோட்டைத் திறக்கவில்லை. "எது சரின்னு எனக்குத் தெரியாதுங்க. மூணு நாளாப் பாத்தும் தெரியல. எது வேண்டாம்னு மட்டும்தான் தெரியும்" என்றேன்.

தம்பி அதை இந்தியில் சொன்னான்.

"இத்தனை நாளில் தெரியாது என்று சொன்ன ஆள் நீங்கள்தான்" என்றார் அர்பாப். "மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது."

எனக்குத் துணிச்சல் வந்தது. அங்கே உள்ள எல்க் எப்படி இருக்கும், படம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கஜகஸ்தான் வழிகாட்டிக்கே போன் போட்டார். இரண்டு நிமிஷத்தில் படம் வந்தது. கிளை கிளையான கொம்பு. முறக்கொம்பு இல்லை. மரால் என்று அங்கே சொல்வார்களாம். வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியட்டும் என்று எல்க் என்று எழுதினானாம். பக்கத்தில் போய்ச் சுடுகிறவர்களுக்கு முந்நூற்றெட்டே போதும், தூரத்திலிருந்து சுட ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் எதுவும் போதாது என்று அவன் சொன்னதை, அர்பாப் திருப்பிச் சொன்னார்.

"எவ்வளவு பக்கத்தில்?" என்று ராஷித் கேட்டான். அவன் எப்போது திரும்பினான் என்று நான் கவனிக்கவில்லை.

"இருநூறு மீட்டர். அதற்கு மேல் கலாஸ்."

"இருநூறு மீட்டர் பக்கத்தில் போக மலை ஏற வேண்டும், பாபா."

"ஏறுவேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது."

ராஷித் ஜன்னலை விட்டு மேசைக்கு வந்தான். பிறகு, தானும் கூட வருவதாகச் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். அர்பாப் மேசை இழுப்பறையிலிருந்து லைசென்ஸ் காகிதங்களை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "முந்நூற்றெட்டு என்று எழுது, கோமதி. ராஷித்துக்கும் விசா எடு."

தம்பி அந்தக் காகிதங்களை வாங்கிக்கொண்டு சட்டைப் பையில் பேனாவைத் தேடினான். ராஷித் அவனிடம் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தான். மன்னிப்பு மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் வெளியே வந்ததும் தம்பி எனக்கு இரண்டு கரக் சாயா வாங்கிக் கொடுத்தான், ஒன்றுதான் கேட்டேன்.

மிச்சம் இரண்டு நாளில் ரேவதி என்னைத் தங்கக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அரையாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயார் செய்துகொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான்.

"அர்பாப் வந்துட்டாருக்கா. ஒரு மான் சுட்டாராம். ஒரே குண்டுதானாம்."

"மத்தது? அந்த மரால்?"

"அது நாலு நாளு கண்ணுலயே படலயாம். கடைசி நாள் வந்துச்சாம். பெரிய கொம்பு. முந்நூத்தம்பது மீட்டருக்கு மேல இருக்கும்னு சொல்லுதாரு. வழிகாட்டி சுடுங்கன்னுட்டான். ராஷித்தும் சுடுங்க பாபான்னானாம்."

"சுட்டாரா?"

"இல்ல. பக்கத்துல போவோம்னு நடந்திருக்காங்க. பாறையெல்லாம் ஏறி, ஒரு மணி நேரம். இவுக போய்ச் சேரும்போது அது அந்தப் பக்கம் எறங்கிருச்சு."

அது தப்பித்ததில் சந்தோஷமாக இருந்தது. அவர் அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு வந்தது கஷ்டமாக இருந்தது. அந்த ஒரு மானை நினைத்தும் மனசு என்னவோ செய்தது. "ரொம்ப வருத்தமா இருக்காரா?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியலக்கா" என்றான் தம்பி. "மஜ்லிஸுக்கு வார ஆளுகிட்டயெல்லாம் இந்தக் கதையத்தான் சொல்லுதாரு. பாறையக் கையால காட்டுதாரு, அது நின்ன நெலைய எந்திரிச்சு நின்னு காட்டுதாரு. அவரு சொல்லாம விட்டத ராஷித் சொல்லுதான். சுட்ட மானப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல."